பிரசங்கத்துக்குள் வந்த மஞ்சள் பை

அந்த ஞாயிற்றுக்கிழமை சபை முழுக்கச் சிரித்தபோது, பெண்கள் பக்கத்தில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. தலையில் போட்டிருந்த முந்தானை நழுவியதுகூடத் தெரியாமல் மெதுவாகத் திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்தாள். நான்காவது வரிசை, மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள இடம். அங்கே யாரும் இல்லை.

நான் முதல் வரிசையில் இருந்தேன். என் வீட்டுக்காரர்தான் சபைப் போதகர், எங்கள் வழக்கில் ஐயர்; ஐயர் பிரசங்கம் பண்ணும்போது ஐயரம்மா பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் அதுதான் சட்டம். இவர் நன்றாகப் பேசுகிற அன்றைக்கு ஜனங்களின் முகத்தைப் பார்க்கிற ஆசை எனக்கு அடங்காது. அதனால் இருமுகிற சாக்கில் ஒரு தடவை திரும்பிக்கொள்வேன். அன்றும் இருமிக்கொண்டுதான் திரும்பினேன். சிரிக்கிற அத்தனை முகத்துக்கு நடுவில் பியூலாவின் முகம் வெளுத்திருந்தது.

பீடத்தில் இவர் ஒரு மஞ்சள் பையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பையைப் பார்த்துவிட்டு வந்து அவருக்குச் சொன்னவள் நான்.

கலங்கரை விளக்கமும் கரண்ட்டும்

போன வாரம் பார்சனேஜ் என்கிற போதகர் வீட்டின் கொல்லைப்புறக் குழாயைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, குழாயோடு நிறுத்திவிட்டீர்களே, உங்கள் ஐயர் எங்கே போனார் என்று கேட்டிருக்கிறார். எங்கும் போகவில்லை, தாயே. ரிட்டயர் ஆகி, பாளையங்கோட்டையில் அடுத்த அறையில் உட்கார்ந்து, நான் என்ன எழுதுகிறேன் என்று அரை மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷம் என்னை வைத்து அவர் பிரசங்கம் பண்ணினார். இப்போது என் முறை.

செகந்திராபாத் பக்கம் அந்தத் தமிழ்ச் சபைக்கு நாங்கள் மாற்றலாகி வந்தபோது ஊரே கம்ப்யூட்டர் ஜுரத்தில் இருந்தது. சபையில் பாதிப் பேர் மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற பழைய குடும்பங்கள். மறுபாதி திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த பிள்ளைகள். வாரம் முழுக்க அமெரிக்கா நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டு வந்து, பிரசங்கம் ஆரம்பித்ததும் சொல்லி வைத்தாற்போலத் தூங்குவார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. இவருடைய பிரசங்கம் அப்போது அப்படி.

இவரிடம் ஒரு தடிப் புத்தகம் இருந்தது. பிரசங்கிகளுக்கான உதாரணக் கதைகள். எந்தத் தேசத்தில் அச்சடித்ததோ, பக்கத்துக்குப் பக்கம் பனி கொட்டும். ஒரு கதையில் புயலில் கப்பல் தத்தளிக்கும், கலங்கரை விளக்கக் காவலாளி எண்ணெய் ஊற்றி விளக்கைக் காப்பாற்றுவான். ஏப்ரல் வெயிலில், வேர்த்து விறுவிறுத்து, இவர் அந்தப் பனியை எங்கள் மேல் கொட்டுவார்.

சபைச் செயலாளர் ஆசீர்வாதம் அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத். நாலு வார்த்தை தமிழ் பேசினால் இரண்டு வார்த்தை உருது விழும். ஆராதனை முடிந்ததும் இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "பாஸ்டர், நம்ம ஊர்ல இருக்கிறது ஹுசைன் சாகர் ஏரி. அதுக்கு லைட் ஹவுஸ் கைக்கு? கதையே நக்கோ. வசனத்தைச் சொல்லி முடிங்க, ஜனங்க வீட்டுக்குப் போகட்டும்." கைக்கு என்றால் எதுக்கு, நக்கோ என்றால் வேண்டாம்.

இவர் முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தார். அன்று சாயங்காலம் கரண்ட் போனது. எமர்ஜென்சி லாம்ப்பை எடுத்துத் தட்டினார், எரியவில்லை. சார்ஜ் போட மறந்தது அவர், திட்டு வாங்கியது லாம்ப். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கலங்கரை விளக்கத்தை விடுங்கள், இதைப் போய் அடுத்த வாரம் சொல்லுங்கள், கரண்ட் இருக்கிறபோது சார்ஜ் போடாதவன் இருட்டில் லாம்ப்பைத் திட்டின கதையை என்றேன்.

சொன்னார். ஜெபத்தைப் பற்றிய பிரசங்கம். ஒரு தலைகூடச் சாயவில்லை. அன்றிலிருந்து பிடித்தது சனி. எங்கள் வீட்டில் நடக்கிற எதுவும் எங்கள் வீட்டோடு நிற்கவில்லை.

பேரை மாத்து, ஊரை மாத்து

வியாழக்கிழமை வந்தால் இவர் சமையலறை வாசலில் வந்து நிற்பார். வசனம் ரெடியாக இருக்கும், கதை இருக்காது. "லில்லி, இந்த வாரம் என்ன பார்த்த?" என்று கேட்பார்.

நான் சைனிக்புரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போக ஒரு பஸ், வர ஒரு பஸ். ஜன்னல் சீட்டு கிடைத்தால் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். ஆட்டோக்காரர் மீட்டர் மேல் துண்டைப் போட்டு மூடியது, கல்யாண மண்டப வாசலில் இரண்டு மாப்பிள்ளை வீட்டார் ஒரே குதிரைக்குச் சண்டை போட்டது, எல்லாம் நான் கொண்டு வந்து கொடுத்த சரக்குதான். இயேசு சாமியே விதையையும் வலையையும் புளித்த மாவையும் வைத்துத்தானே பேசினார், நாம் ஆட்டோவை வைத்துப் பேசினால் என்ன என்பார் இவர்.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஆளின் பேரைச் சொல்ல மாட்டார். நடந்த இடத்தையும் மாற்றிவிடுவார். மாரேட்பள்ளியில் நடந்தால் மெஹ்திப்பட்டினம் என்பார். பொருளில் மட்டும் கை வைக்க மாட்டார். எவர்சில்வர் தூக்கு என்றால் எவர்சில்வர் தூக்கு, மூடியில் நசுங்கல் இருந்தால் அந்த நசுங்கலோடு. "பேரை மாத்தலாம், ஊரை மாத்தலாம், பொருளை மாத்தக் கூடாது. அதை மாத்தினா கதை நிக்காது" என்று எனக்கே வகுப்பெடுப்பார்.

இந்த முறையால் வீட்டில் பட்ட பாடு கொஞ்சமில்லை. கோபத்தைப் பற்றிப் பேசும்போது, விசில் அடங்குவதற்கு முன்னாலேயே குக்கரைத் திறக்கப் போன ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். ஊர் மெஹ்திப்பட்டினம். ஆனால் கைப்பிடி உடைந்து கயிறு சுற்றிய குக்கர் யார் வீட்டில் இருக்கிறது என்று சபையில் எல்லாருக்கும் தெரியும், வெளிப்புறக் கூட்டங்களுக்கு அதில்தானே பொங்கல் போகும். அந்த வாரம் முழுக்க என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் ஒரு சிரிப்புச் சிரித்தார்கள்.

எங்கள் மகள் ஷீபாவுக்கு அப்போது பதின்மூன்று. ராங்க் கார்டை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்த ஒரு சிறுமியின் கதை பீடத்தில் வந்த அன்று, வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். தமிழ் எல்லாம் புரியும், கோபம் வந்தால் தெலுங்குதான் வரும். "டாடி, நா பேரு செப்பொத்து. நா ஏஜ் கூடா செப்பொத்து." பேரும் சொல்லாதே, வயசும் சொல்லாதே. பேரைச் சொல்லவே இல்லையே என்று இவர் அப்பாவியாகக் கேட்டார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியில் இவருக்கு நல்ல பேர்தான். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையின் கம்பெனி பஸ்ஸில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்துவிட்டு, வேறு சீட்டில் போய்த் தூங்குகிற ஒருவரைப் பற்றி ஒரு தடவை சொன்னார். ஆராதனை முடிந்ததும் எட்டுப் பேர் வரிசையாக வந்து, என்னைத்தானே சொன்னீங்க ஐயா என்று கை குலுக்கினார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே சந்தோஷம். உண்மையில் அந்த ஆள் எங்கள் சபையே இல்லை. கதையில் தன்னைக் கண்டுபிடித்தால் மனுஷனுக்குச் சந்தோஷம்தான் வரும் என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பிவிட்டோம்.

இரண்டாவது பெஞ்ச்

அமெரிக்காவில் பெரிய பெரிய வங்கிகள் விழுந்தன என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த சமயம். மாதாப்பூர்ப் பக்கம் கம்பெனிகள் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று சபையில் குசுகுசுவென்று பேச்சு. யார், எவர் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு சிரித்த முகமாகத்தான் வந்தார்கள்.

பள்ளியில் பரீட்சையின் கடைசி நாள், அரை நாளோடு விட்டார்கள். மத்தியானம் பஸ் ஏறினேன். சைனிக்புரியில் ஒரு பூங்கா எதிரே அந்த பஸ் பத்து நிமிஷம் நிற்கும், டிரைவர் டீ குடிக்கப் போவார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மதில் ஓரமாக இரண்டாவது பெஞ்சில் ஒருவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நீல முழுக்கைச் சட்டை, கழுத்தில் கம்பெனி ஐடி கார்டின் நாடா. பக்கத்தில் ஒரு பை. மஞ்சள் கர்ட்டன் துணியில் தைத்தது, துணி முழுக்கக் குட்டிக் குட்டிப் பாய்மரப் படகு. ஒரு காது மஞ்சள், இன்னொரு காது பச்சை. துணி பற்றாமல் போய் யாரோ வேறு துணியில் காது வைத்திருக்கிறார்கள். டப்பாவைத் திறந்து மெதுவாக இரண்டு வாய் சாப்பிட்டார். ஒரு செந்நிற நாய் வந்து நின்றது. மீதியை எல்லாம் அதற்கு உருண்டை உருண்டையாகப் போட்டார். எந்த அவசரமும் இல்லை. போன் அடிக்கவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை.

எனக்கு அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. இந்த ஊரில் இப்படி ஒரு சாஃப்ட்வேர்க்காரரா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அன்று வியாழக்கிழமை.

பாக்கியவான்

அந்த ஞாயிறு செய்தி ஓய்வைப் பற்றி. பிள்ளைகள் ஓய்வே இல்லாமல் ஓடுகிறார்கள் என்று இவருக்கு நிஜமாகவே கவலை.

என் கதையை எடுத்து எவ்வளவு அழகாகச் சொன்னார் தெரியுமா. ஊரைப் பாலாநகர் ஆக்கினார். பெஞ்சை வைத்தார், நாயை வைத்தார். பைக்கு வந்தபோது கையால் காட்டிக் காட்டிச் சொன்னார்: கர்ட்டன் துணி, படகு, ஒரு காது மஞ்சள், ஒரு காது பச்சை. வீட்டு ஜன்னலையே கழற்றிப் பை தைத்த புண்ணியவதி யாரோ என்றார். அப்போதுதான் சபை சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தி, "இந்த ஹைதராபாத்திலேயே பாக்கியவான் யாருன்னு கேட்டா, நான் அந்த பெஞ்சில இருந்தவரைத்தான் சொல்லுவேன்" என்று முடித்தார்.

சபை சிரித்தபோதுதான் நான் இருமினேன், திரும்பினேன், பியூலாவைப் பார்த்தேன்.

பியூலா சாயர்புரத்துப் பெண். புருஷன் செல்வின் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ராமச்சந்திராபுரம் பக்கம் குடியிருந்து, நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒவ்வொரு வாரமும் ஆராதனைக்கு வருவார்கள். அவள் அப்போது ஆறு மாசம். செல்வின் சண்டே ஸ்கூல் வாத்தியார். பிரசங்கம் தொடங்கியதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பின் அறைக்குப் போய்விடுவார். அதனால்தான் மின்விசிறிக்குக் கீழே அந்த இடம் காலி. அவர் காதில் அந்தப் பிரசங்கத்தின் ஒரு வார்த்தைகூட விழவில்லை.

முடிந்ததும் பியூலா யாரோடும் நிற்கவில்லை. வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லி, செல்வினைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துக்கொண்டு போனாள். கர்ப்பிணிப் பெண், வெயில் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பாலாநகரில் தேடியவள்

செவ்வாய்க்கிழமை காலையில் பியூலா பார்சனேஜுக்கு வந்தாள். தனியாக, இரண்டு பஸ் மாறி. எனக்குப் பள்ளி விடுமுறை. இவர் ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்கப் போயிருந்தார். மோர் கொடுத்தேன். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ஐயா சொன்ன பெஞ்ச் பாலாநகர்ல எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அவள் தொடர்ந்தாள். "நேத்து பாலாநகர் பூரா தேடிட்டேன். அங்க ஃபேக்டரியாத்தான் இருக்கு. ரெண்டு பஸ் ஸ்டாப்ல உக்காந்து உக்காந்து பார்த்தேன். அந்தப் பை நான் தச்சதும்மா. பச்சைக் காது என் ஜாக்கெட் துணி."

ஆறு மாசக் கர்ப்பிணி, முதல் பிள்ளை தங்காமல் போனவள், அந்த வெயிலில், லாரிப் புகையில், நாங்கள் கதைக்காக மாற்றி வைத்த ஊரில் போய்ப் புருஷனைத் தேடியிருக்கிறாள்.

பாலாநகர் இல்லை, சைனிக்புரி என்றேன். பார்த்தது நான்தான் என்றும் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. "முகத்தைப் பார்த்தீங்களா? வாடிப்போயா இருந்தாவ?" என்று மட்டும் கேட்டாள். முதுகைத்தான் பார்த்தேன் என்றேன்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். அஞ்சு வாரமாகக் கம்பெனி வண்டி வாசலுக்கு வரவில்லை, பஸ் ஸ்டாண்டில் வந்து ஏற்றிக்கொள்கிறது என்று செல்வின் சொல்லியிருக்கிறார். அவளும் நம்பியிருக்கிறாள். மீதியை நாங்கள் இரண்டு பேரும் ஊகித்தோம்: வேலை போயிருக்கிறது, இவளுக்கு எந்தக் கவலையும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். தினமும் காலையில் சட்டை தேய்த்துப் போட்டு, பையை எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் யாரும் வராத நகரத்தின் கிழக்குக் கோடிக்கு வந்துவிடுகிறார். ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "அவிய வாயாலதான் எனக்குத் தெரியணும்" என்றாள்.

ஆட்டோ பிடித்துப் போனோம். மதில் ஓரத்து இரண்டாவது பெஞ்ச். அதே முதுகு, அதே பை. என்னைக் கேட் பக்கத்தில் நிறுத்திவிட்டு அவள் மட்டும் போனாள். செல்வின் பதறி எழுந்தார். அவள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தாள், அவரும் உட்கார்ந்தார். அப்புறம் அவர் தலையைக் குனிந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார், தோள் குலுங்கியது. அவள் அவர் மடியிலிருந்த டப்பாவை எடுத்துப் பார்த்தாள். தான் காலையில் கட்டிக் கொடுத்த எலுமிச்சம்பழச் சாதத்தை அவருக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று கடைசிவரை சாப்பிட்டு முடித்தாள். நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதற்கு அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆட்டோக்காரர் இறங்கி வந்து என்ன அம்மா என்று கேட்டார். அவருக்கு நான் எந்த ஊரை மாற்றி, எந்தப் பேரை மாற்றிச் சொல்வது. கண்ணில் தூசி என்றேன்.

வறண்ட வாரங்கள்

சாயங்காலம் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காபியைக் கீழே வைத்தவர் எடுக்கவே இல்லை. "பாக்கியவான்னு சொன்னேனே, லில்லி" என்றார். எழுந்து போய், கதை குறித்து வைக்கிற நோட்டை பீரோ மேலே, கை எட்டாத இடத்தில் தூக்கிப் போட்டார். பியூலாவையும் செல்வினையும் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். அவர்கள் பெரிதுபடுத்தவில்லை. இவர்தான் ஆறவில்லை.

மூன்று ஞாயிறு கதையே கிடையாது. மூலமொழியில் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நாற்பத்தைந்து நிமிஷம். தலைகள் மறுபடி சாய ஆரம்பித்தன. ஷீபா மட்டும் நிம்மதியாக இருந்தாள்.

மூன்றாவது வாரம் ஆசீர்வாதம் அண்ணன் வந்தார். எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஹவ் பாஸ்டர், ஆமா, கதை நக்கோன்னு நான்தான் சொன்னேன். அதுக்குன்னு இப்படியா? என் வீட்டம்மா குறட்டை விடுறா, எனக்கு ஷரம் ஆகுது, வெட்கமா இருக்கு." எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் செல்வின் வந்தார். கையில் அந்தப் பை. இவருக்கு எதிரே உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, பச்சைக் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். வேலை இன்னும் கிடைக்கவில்லை. நீங்கள் கதை சொல்லாததற்குத் தானும் புருஷனும்தான் காரணம் என்று பியூலா நினைத்துக்கொண்டு கோயிலில் நிமிர்ந்து உட்காரவே மாட்டேனென்கிறாள், மறுபடி சொல்லுங்கள் ஐயா என்றார்.

மாட்டேன் என்று இவர் தலையை ஆட்டினார். நான் தப்பாகப் புரிந்துகொண்டேன், தப்பாகச் சொன்னேன் என்றார்.

"ஆமாய்யா, தப்பாத்தான் சொன்னீங்க" என்றார் செல்வின். "அந்த நாய் மேல எனக்கு ஒரு பிரியமும் கிடையாது. எனக்குத் தொண்டையில சோறு இறங்கலை. மிச்சம் வச்சுக் கொண்டு போனா அவ கண்டுபிடிச்சிருவா. காலி டப்பா வேணும்னுதான் நாய்க்குப் போட்டேன்."

பஸ் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு அந்த ஆளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேனே என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

இவர் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்ப இதை நான் சொல்லக் கூடாது, தம்பி. நீங்க சொல்லுங்க."

செல்வின் சொன்ன கதை

செல்வினுக்குச் சண்டே ஸ்கூல் பிள்ளைகளைத் தவிர யார் முன்னாலும் பேசி வழக்கமில்லை. மறுநாள் பிரசங்க நேரத்தில் பீடத்துக்குக் கீழே நின்றார், மேலே ஏற மாட்டேன் என்றுவிட்டார். பையைத் தூக்கிக் காட்டினார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வேலை போனதைச் சொன்னார், சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு போனதைச் சொன்னார், நாயைச் சொன்னார். அஞ்சு வாரம் பொய் சொன்னேன், அது என் பாவம், ஆனால் அதைவிடத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது என்றார். அஞ்சு நிமிஷம்கூட இருக்காது. இவர் இத்தனை வருஷம் பண்ணின பிரசங்கத்தில் ஒன்றுகூட அதற்குப் பக்கத்தில் வராது. எட்டிப் பார்க்கிறார், பரவாயில்லை, படிக்கட்டும்.

நான் இருமாமல், சாக்குச் சொல்லாமல், நேராகத் திரும்பிப் பார்த்தேன். பியூலா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

வெளியே மோட்டார் பைக்குகள் நிற்கிற இடத்தில் ஒரு பையன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவன், செல்வினுக்காகக் காத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் போய், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்கு பெஞ்ச் இல்லண்ணே. லைப்ரரி. ரெண்டு மாசமா."

அவன் பின்னால் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வாரமே ஆசீர்வாதம் அண்ணன் சபையின் பின் அறையைத் திறந்துவிட்டார். பெஞ்ச் இங்கேயே கிடக்கிறபோது பார்க்குக்குக் கைக்குப் போகணும் என்றார். பகலில் நாலைந்து பேர் அங்கே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார்கள், டப்பாவைத் திறந்து சேர்ந்து சாப்பிட்டார்கள். டீ நான் போட்டேன், அந்தக் கயிறு சுற்றின குக்கரில் சுண்டலும் வேகவைத்தேன். பியூலாவுக்குப் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதற்கப்புறம் இரண்டு மாசத்தில் செல்வினுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது.

நோட்டு பீரோ மேலிருந்து இறங்கியது. ஆனால் இவர் முறையில் ஒன்று கூடியது. கதையில் வருகிற ஆளைத் தேடிப் பிடித்து, சொல்லட்டுமா என்று கேட்காமல் பீடத்தில் ஏற மாட்டார். முதலில் கேட்டது ஷீபாவிடம். அவள் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள், அந்தக் கதை போயே போய்விட்டது. நல்ல கதை.

நானும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். போன வாரம் பியூலாவுக்குப் போன் பண்ணினேன். நீங்கள் படித்த பேரெல்லாம் நான் வைத்தவை, அவர்களுடைய சொந்தப் பேர் வேறு. பத்திரிகையில் வருகிற விஷயம் ஆயிற்றே, ஊரையும் மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

"பேரை மாத்துங்க, பையைக்கூட மாத்துங்க" என்றாள். "ஊரை மட்டும் மாத்தாதீங்கம்மா. இன்னொருத்தி போய் பாலாநகர்ல தேடக் கூடாது."

அதனால் சொல்கிறேன். சைனிக்புரிதான். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, மதில் ஓரமாக, இரண்டாவது பெஞ்ச்.